ரமலானில் நஃப்ஸோடு போராடுவது எப்படி? ஷஅபானிலிருந்து ஷவ்வால் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ரமலான் வந்தால் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்படும், நரகத்தின் வாசல்கள் மூடப்படும், ஷைத்தான்களுக்கு விலங்கிடப்படும் என்று நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஹதீஸ். ஆனால் ஒவ்வொரு ரமலானிலும் எனக்கு ஒரு கேள்வி எழும். ஷைத்தானுக்கு விலங்கு போட்டாயிற்று என்றால், நோன்பு வைத்துக்கொண்டே நான் ஏன் வீட்டில் எரிந்து விழுகிறேன், ஏன் இன்னொருவரைப் பற்றிப் பேச வாய் திறக்கிறேன், குர்ஆனைத் திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, கை ஏன் ஃபோனைத் தேடுகிறது?

இதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். விலங்கிடப்படுவது மூர்க்கமான ஷைத்தான்கள் மட்டும்தான் என்பது ஒன்று, அப்படி வரும் அறிவிப்பும் உண்டு. இன்னொரு விளக்கம், பாவத்துக்கு ஷைத்தான் மட்டுமே காரணம் இல்லை, மனிதனின் நஃப்ஸும், அதாவது ஆசைப்பட்டு இழுக்கும் அவனுடைய உள்மனமும், காரணம் என்பது. இந்த இரண்டாவது விளக்கம்தான் என்னை உலுக்கியது. பதினொரு மாதம் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்கிய நஃப்ஸ், இந்த ஒரு மாதத்தில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தத் தவறு நம்முடையது என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது.

இத்தனை ரமலான்களில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் நஃப்ஸ் நம்மிடம் பெரும்பாலும் தோற்றுவிடும், பசித்தாலும் யாரும் தண்ணீர் குடித்துவிடப் போவதில்லை. அது இழந்ததையெல்லாம் திருப்பி எடுப்பது மஃக்ரிபுக்கும் (அந்தித் தொழுகை) ஸஹருக்கும் (விடியலுக்கு முந்தைய உணவு நேரம்) இடையில். அதனால் இந்த வழிகாட்டியில் இரவுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. யாரோடு போராடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குர்ஆன் நஃப்ஸை மூன்று நிலைகளில் காட்டுகிறது. தீமையைத் தூண்டும் நஃப்ஸ் (12:53), தன்னைத்தானே பழித்துக்கொள்ளும் நஃப்ஸ் (75:2), அமைதியடைந்த நஃப்ஸ் (89:27). அம்மாரா, லவ்வாமா, முத்மஇன்னா என்று பயான்களில் (மார்க்க உரைகளில்) கேட்டிருப்பீர்கள். இவை மூன்று வகை மனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகு பிள்ளையைத் திட்டியவரும், அதற்காக ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் வெட்கப்பட்டு அழுதவரும் ஒரே ஆளாக இருக்க முடியும். வெட்கம் வருகிறதா, பழிக்கும் நஃப்ஸ் உயிரோடு இருக்கிறது, அதை வைத்து வேலை செய்யலாம்.

இன்னொன்று, நஃப்ஸைக் கொன்றுவிட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. குர்ஆனின் ஷம்ஸ் சூராவில் (அத்தியாயத்தில்) வெற்றி பெற்றவர் என்று சொல்லப்படுவது அதைத் தூய்மைப்படுத்தியவரைத்தான் (91:9). பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்த நபித்தோழர் அபுத் தர்தா (ரலி) அவர்களிடம் இன்னொரு தோழரான ஸல்மான் (ரலி), உங்கள் இறைவனுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு, உங்கள் நஃப்ஸுக்கும் உரிமை உண்டு, குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று சொன்னார்கள். நபி (ஸல்) அதைக் கேட்டு, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். ஆகவே தூக்கம், உணவு, ஓய்வு எல்லாம் அதன் உரிமை. உரிமைக்கு மேல் அது கேட்பதில்தான் சண்டை.

சிறிய ஜிஹாதிலிருந்து (போர்க்களப் போராட்டம்) பெரிய ஜிஹாதுக்கு (நஃப்ஸோடு போராட்டம்) திரும்பினோம் என்று ஒரு ஹதீஸ் இந்தத் தலைப்பில் அடிக்கடி சொல்லப்படும். அது பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி நிற்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை, தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் (ஜிஹாத் செய்பவர்) என்று ஃபளாலா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதி தொகுப்பில் இருக்கிறது.

2. ஷஅபானிலேயே (ரமலானுக்கு முந்தைய மாதத்திலேயே) ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வருடம் ரமலானுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து, விட வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று பதினொரு விஷயங்களை எழுதினேன். ஆறாவது நோன்பில் நான்கு நின்றது, பத்தாவது நோன்பில் எல்லாமே நின்றது. "உன்னால் முடியாது" என்று நஃப்ஸ் சொன்னதை நான் நம்பியும்விட்டேன், மீதி இருபது நாளும் வெறும் பசியாகப் போனது. அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல் (நற்செயல்), குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். பாவத்தை விடுவதையும் அப்படியே அணுகுங்கள். எல்லாப் பாவத்தையும் விட வேண்டியதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் முழு பலத்தையும் கொட்டிப் போராட ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியவில்லையா? உங்களிடம் நீங்களே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நான் அதிகமாகத் தவ்பா (பாவத்தை விட்டுத் திரும்புதல்) செய்து அதிகமாக முறித்தது எது? மற்றவர் சுட்டிக்காட்டினால் எனக்கு உடனே கோபம் வருவது எதற்கு? யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று நான் மறைப்பது என்ன? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் தேடல் முடிந்தது.

அதை ஒரு தாளில் எழுதுங்கள், எங்கே, எப்போது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "கோபத்தை விடுவேன்" என்று எழுதினால் அதை நஃப்ஸ் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளும். "அஸரிலிருந்து மஃக்ரிப் வரை வீட்டில் குரல் உயர்த்த மாட்டேன்" என்று எழுதினால் வளைக்க இடமில்லை. இன்றைக்கு அதைக் காப்பாற்றினேனா இல்லையா என்று இரவில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்.

யாருக்காவது கடன் பாக்கியா, யாருடனாவது பேச்சு முறிந்திருக்கிறதா, பிறை பார்ப்பதற்குள் அதைச் சரிசெய்யப் பாருங்கள். மனதில் ஒருவர் மீது பகையை வைத்துக்கொண்டு தராவீஹில் நிற்பது எவ்வளவு கனமானது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்புறம், ஷஅபானில் சில நோன்புகள் வையுங்கள். ரமலானுக்கு வெளியே நபி (ஸல்) அதிகம் நோன்பு நோற்றது ஷஅபானில்தான் என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள்.

3. ஸஹரில் நாளைத் தொடங்குங்கள்

ஸஹர் செய்யுங்கள், அதில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்பது நபிமொழி. தூக்கத்துக்காக ஸஹரை விடுவது அன்றைய நாளின் முதல் தோல்வி, அதோடு தொடங்காதீர்கள். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை இஸ்திஃக்ஃபாருக்குக் கொடுங்கள். ஸஹர் நேரங்களில் பாவமன்னிப்புக் கேட்பவர்களைக் குர்ஆன் புகழ்கிறது (3:17, 51:18), நாமோ அந்த நேரத்தில் விழித்திருந்தும் வாயில் உணவோடு இருக்கிறோம்! நிய்யத் (நோன்பின் எண்ணம்) வைக்கும்போது அந்தத் தாளில் எழுதிய ஒன்றையும் சேர்த்து நினையுங்கள்.

4. நாக்குக்கும் நோன்பு

இதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் நோன்பில் நாம் அதிகமாகத் தோற்பது இங்கேதான் என்பது என் கருத்து.

பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், உண்பதையும் பருகுவதையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று ஒரு ஹதீஸ் புகாரியில் வருகிறது. படித்துவிட்டுச் சுலபமாகக் கடந்துபோக முடியாத ஹதீஸ். ஹுஜுராத் சூராவிலோ புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறான் அல்லாஹ் (49:12). இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஹலாலான உணவை ஒரு மிடறு தண்ணீர்கூட விடாமல் தள்ளிவைத்த அதே வாய், அந்த மாமிசத்தை நடுப்பகலில் தின்கிறது. புறம் பேசினால் நோன்பு முறிந்துவிடாது என்றுதான் பெரும்பான்மை அறிஞர்கள் சொல்கிறார்கள், ஆனால் கூலி போய்விடும். பசியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத நோன்பாளிகள் எத்தனையோ பேர் என்ற நபிமொழி இப்னு மாஜாவில் இருக்கிறது.

புறம் பேசத் தூண்டும்போது நஃப்ஸ் மிக மரியாதையான உடையில் வரும். "உண்மையைத்தானே சொல்கிறேன்" என்று வரும், ஆனால் உண்மையாக இருந்தால்தான் அது புறம், பொய்யாக இருந்தால் அவதூறு, இது நபி (ஸல்) தந்த விளக்கம். "அவருக்காக துஆ செய்யுங்கள், பாவம், அவர் நிலைமை..." என்று அக்கறையாகவும் வரும், வந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் போகும்.

என்ன செய்யலாம்? முதலில், பேச்சு ஒருவருடைய பெயரைத் தொட்டதும் ஒரு கணம் நிறுத்துங்கள். அவர் இப்போது கதவைத் திறந்து உள்ளே வந்தால் இதே வாக்கியத்தை முடிப்பேனா? முடிக்க மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், பாதி வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டமாக இருக்கும்போது மற்றவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள், மாறவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். வாட்ஸப் குழுவில் தட்டச்சு செய்வதும் பேச்சுதான், விரலும் நாக்குதான். யாராவது வம்புக்கு இழுத்தால் "நான் நோன்பாளி" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் நபி (ஸல்). இதை எதிரில் இருப்பவருக்கு மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள், முதலில் கேட்க வேண்டியது உங்கள் காது.

5. அஸருக்குப் பின் வரும் ஒரு மணி நேரம்

உடலில் சர்க்கரை இறங்கியிருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும், தலை வலிக்கும், பொறுமை தீர்ந்திருக்கும். இந்த நேரத்தில் கோபம் வரும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள். வாக்குவாதம் ஆகக்கூடிய எந்தப் பேச்சையும், பணக் கணக்கையும், பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் இந்த நேரத்தில் எடுக்காதீர்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவர் வீரர் இல்லை, கோபம் வரும்போது தன்னைக் கட்டுப்படுத்துபவரே வீரர் என்ற ஹதீஸ் நமக்கு மனப்பாடம். அந்த வீரத்துக்குப் பயிற்சி கிடைக்கும் நேரம் இதுதான்.

வந்துவிட்டால் அஊது பில்லாஹி (அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன்) சொல்லுங்கள். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், உட்கார்ந்தும் போகவில்லை என்றால் படுத்துக்கொள்ளுங்கள், அபூ தாவூதில் உள்ள வழி இது. பிறகு அந்த இடத்தை விட்டு விலகி, நோன்பு திறப்பதற்கு முந்தைய கடைசி பதினைந்து நிமிடத்தை துஆவுக்கு (பிரார்த்தனைக்கு) கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் அடுப்படியில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால் நீங்களும் போய் நில்லுங்கள், அவருக்கும் துஆ கேட்க நேரம் வேண்டும்.

6. மஃக்ரிபிலிருந்து ஸஹர் வரை

பாங்கு சொன்னதும் தாமதிக்காமல் நோன்பு திறப்பது ஸுன்னத் (நபிவழி). பேரீச்சம்பழம், இல்லையென்றால் தண்ணீர். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. அதற்கு அடுத்த நிமிடத்தில் நஃப்ஸ் காதுக்குள் பேசும்: "நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாயே, இப்போது உனக்கு எல்லாம் ஹலால்." சொல்வது உண்மை, ஹலால்தான். அதனால்தான் இந்த வாதத்தை மறுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. பகலில் தவறவிட்டதையெல்லாம் இரவில் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டால், ஆசையை உடைக்க வந்த நோன்பால் என்ன பயன் என்று இமாம் கஸ்ஸாலி கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 900 வருடத்துக்கு முன் கேட்டது, இன்றைய நம் இஃப்தார் விரிப்பைப் பார்த்துக் கேட்டது போலவே இருக்கிறது.

சரி, நடைமுறையில் எப்படி? நோன்பு திறக்கக் கொஞ்சமாக எடுங்கள், எழுந்து மஃக்ரிப் தொழுங்கள், தொழுதுவிட்டு வந்து சாப்பிடுங்கள். இடையில் வரும் அந்தத் தொழுகை செய்யும் வேலை பெரியது. பசியின் வெறி அடங்கி, எவ்வளவு தேவை என்று வயிறே சொல்ல ஆரம்பிக்கும். முதுகை நிமிர்த்த சில கவளம் போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அளவு சொல்லியிருக்கிறார்கள். தராவீஹில் ருகூவுக்குக் குனியும்போது வயிறு இடிக்கிறதென்றால் அளவு மீறியாயிற்று.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விதவிதமாகக் கேட்பது உங்கள் நஃப்ஸ், அதற்காக அஸரையும் திக்ரையும் (இறைநினைவையும்) துஆவையும் இழந்து அடுப்படியில் நிற்பது இன்னொருவர். அவருடைய ரமலானை நம் நாக்குக்காகச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. வாரத்தில் பாதி நாளாவது ஒரே வகை உணவோடு நோன்பு திறக்க முடிவெடுங்கள், அந்த முடிவை நீங்களே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது ஃபோன். சாப்பிட்ட களைப்பில் சாய்ந்து, "ஐந்து நிமிடம்தான்" என்று எடுத்தால் இஷா (இரவுத் தொழுகை) பாங்கு கேட்கும். தராவீஹ் முடிந்து வந்து எடுத்தால் ஸஹர் ஆகிவிடும். இந்த இரண்டு இடத்திலும் ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மனஉறுதியை நம்பாதீர்கள். தனிமையில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாவம் நடக்கும் இடமும் நேரமும் கருவியும் உங்களுக்கே தெரியும், மூன்றில் ஒன்றையாவது அகற்றுங்கள். அறையில் தனியாக இருக்கும் நேரத்தைக் குறையுங்கள், தூக்கம் வந்த பிறகு மட்டும் படுக்கைக்குப் போங்கள். நடுப்பகலில் பூட்டிய அறையில், தாகத்தோடு, யாரும் பார்க்காதபோதும் நீங்கள் தண்ணீர் குடிக்கவில்லையே! அல்லாஹ் பார்க்கிறான் என்ற அதே அறிவை இரவுக்கும் எடுத்துக்கொண்டு வருவதுதான் வேலை. நோன்பு விதிக்கப்பட்டதற்குக் காரணமாக 2:183 சொல்லும் தக்வா (இறையச்சம்) இதுதான் என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

7. படுக்கும் முன் ஐந்து நிமிடக் கணக்கு

நீங்கள் கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக வருகிறது. தாளை எடுங்கள். தேர்ந்தெடுத்த அந்த ஒன்றில் இன்று நின்றேனா, விழுந்தேனா? விழுந்தால் எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அவ்வளவுதான். பாவத்தை விவரித்து எழுத வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம், அல்லாஹ் மறைத்ததை நாம் திறக்கக் கூடாது. ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் விழுந்திருப்பீர்கள். தூக்கமின்மையாக இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட நண்பராக இருக்கலாம். காரணம் கிடைத்துவிட்டால் மறுநாள் அதை மாற்றுங்கள்.

8. விழுந்துவிட்டால்

விழுவீர்கள். அப்போது நஃப்ஸ் இரண்டாவது முறை பேசும்: "இன்றைய நோன்பு போய்விட்டது, இனி என்ன?" முதல் பாவத்தைவிட இந்தப் பேச்சு ஆபத்து. தங்களுக்கே அநீதி செய்துகொண்ட அடியார்களைப் பார்த்து, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறது 39:53. அந்த இடத்திலேயே இஸ்திஃக்ஃபார் செய்யுங்கள், ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) எடுத்து இரண்டு ரக்அத் தொழுங்கள், முடிந்தால் ஒரு ஸதகா (தர்மம்) கொடுங்கள். தீமைக்குப் பின்னால் ஒரு நன்மையைச் செய், அது தீமையை அழித்துவிடும் என்பது நபிமொழி. இன்னொருவரைக் காயப்படுத்தியிருந்தால் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்பதும் சேர்த்துத்தான், பெருநாள் வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

9. அமலுக்குள் ஒளிந்துகொள்ளும் நஃப்ஸ்

பத்து நோன்பு ஒழுங்காகப் போனதும் இது வரும். எத்தனை ஜுஸ்வு (குர்ஆன் பாகம்) முடித்தேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லத் தோன்றும், தொழும் இடத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கத் தோன்றும், பள்ளிக்கு வராதவரைப் பார்த்து மனதுக்குள் ஒரு உயரம் வரும். இதற்கு மருந்து, வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாத ஒரு அமலை வைத்துக்கொள்வது. ஒரு ரகசிய ஸதகா, ஒருவருக்கான ரகசிய துஆ, எது முடியுமோ அது.

நோயாளிகள் மருத்துவர் தடுத்தும் பிடிவாதமாக நோன்பு வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே விரும்புகிறான் என்று 2:185 சலுகை கொடுத்த பிறகு, "நான் விடமாட்டேன்" என்பதில் எவ்வளவு தக்வா, எவ்வளவு நஃப்ஸ் என்று அவர்கள்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் உள்ள பெண்கள் ரமலானை இழந்ததாகக் கலங்க வேண்டாம். அந்த நாட்களில் நோன்பை விடுவதும் கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான், திக்ரும் துஆவும் ஸலவாத்தும் (நபிக்கான வாழ்த்தும்) நாக்கின் நோன்பும் அப்படியே இருக்கின்றன.

10. நடுப்பத்தும் கடைசிப் பத்தும்

முதல் வாரத்தின் வேகம் நடுப்பத்தில் நிற்காது, தொழுகை வரிசைகள் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நாட்களில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தாளில் உள்ள ஒன்றும், ஃபர்ளும் (கட்டாயக் கடமையும்), குர்ஆனில் இரண்டு பக்கமும் போதும், விடாமல் இருந்தால் போதும். தூங்கிக் கடைசிப் பத்துக்காக உடலைத் தயாராக்குங்கள்.

கடைசிப் பத்து வந்துவிட்டால் நபி (ஸல்) இரவை உயிர்ப்பிப்பார்கள், குடும்பத்தாரை எழுப்புவார்கள், வேட்டியை இறுகக் கட்டிக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். இஃதிகாஃப் (வணக்கத்துக்காகப் பள்ளிவாசலிலேயே தங்குதல்) இருக்க முடிந்தவர்கள் இருங்கள், பழக்கப்பட்ட இடத்தையும் ஆட்களையும் விட்டு நஃப்ஸைப் பிரித்து வைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முடியாதவர்கள் ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரமாவது தனித்திருங்கள். 27ஆம் இரவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவது நஃப்ஸ் சொல்லித்தரும் குறுக்குவழி, லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவை ஒற்றைப்படை இரவுகள் அனைத்திலும் தேடுங்கள். மன்னிப்பை விரும்பும் இறைவனே, என்னை மன்னித்துவிடு என்ற பொருளில் ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட துஆவோடு இதையும் கேளுங்கள்: அல்லாஹும்ம ஆத்தி நஃப்ஸீ தக்வாஹா, வ ஸக்கிஹா, அன்த்த ஃகைரு மன் ஸக்காஹா. யா அல்லாஹ், என் நஃப்ஸுக்கு அதன் தக்வாவைக் கொடு, அதைத் தூய்மைப்படுத்து, அதைத் தூய்மைப்படுத்துவோரில் நீயே சிறந்தவன். முஸ்லிமில் உள்ள துஆ. இதைக் கேட்டுக் கேட்டு அழுத இரவுகள் எனக்கு உண்டு, போராடுவது நாம்தான் என்றாலும் தூய்மைப்படுத்துவது அவன்.

11. பிறை பார்த்த இரவு

அன்றிரவே ஃபோன் படுக்கைக்குத் திரும்பிவிடும், பெருநாள் ஃபஜ்ரே (அதிகாலைத் தொழுகையே) போய்விடும், இதை எதிர்பார்த்திருங்கள். தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்லிக்கொண்டே அந்தத் தாளை எடுத்து கடைசிக் கணக்கை எழுதுங்கள். முப்பதில் இருபது நாள் நின்றிருந்தால் அல்ஹம்து லில்லாஹ், எட்டு நாள்தான் நின்றிருந்தாலும் அந்த எட்டு போன வருடம் இல்லை. தாளைக் கிழித்துப் போடாதீர்கள், பின்பக்கத்தைத் திருப்பி அதே ஒன்றை மறுபடி எழுதுங்கள், கீழே ரமலானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்புகளில் முதல் நோன்பை எந்தக் கிழமை வைக்கப்போகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெருநாளன்று நோன்பு கூடாது, அதற்கு மறுநாளே தொடங்கலாம்.